பூனைக்கு ஒப்பரேஷன் செய்தால் வலி மருந்தையும் கேட்டு வாங்குங்கள்

கல்லடி, ஆரையம்பதி, கல்முனைப் பக்கம் எனக்குத் தெரிந்த பலர் இப்போது வீட்டுப் பூனைக்குக் கருத்தடை செய்விக்கிறார்கள். மிகவும் சந்தோசம். எனக்குப் பயம் எல்லாம் பூனை வீட்டுக்கு வந்த முதல் இரவைப் பற்றித்தான். அது மூலையில் குறுகிக் கிடக்கும், சாப்பாட்டை மணந்தும் பார்க்காது. "அரைப் பனடோல் குடுத்தா என்ன?" என்று வீட்டில் யாராவது சொல்லிவிடுவார்கள்.

கொடுக்கவே கூடாது. பனடோலில் உள்ள பரசிட்டமோலை நம் ஈரல் மாற்றி வெளியேற்றிவிடும். அதற்கு வேண்டிய நொதியம் பூனைக்குச் சரியாக இயங்குவதில்லை. மருந்து நஞ்சாகி இரத்தத்தைத் தாக்கும். இரத்தத்தால் ஒட்சிசனைக் காவ முடியாமல் போகும். பல்முரசு மண்ணிறமாகவோ நீலமாகவோ மாறும், முகமும் பாதங்களும் வீங்கும், மூச்சு இழுக்கும். மூன்று கிலோ பூனையைக் கொல்ல 500 மில்லிகிராம் குளிசை ஒன்று போதும். அரைக் குளிசையும் ஆபத்துத்தான். பிள்ளைகளின் சிரப்பிலும் இதே மருந்துதான் இருக்கிறது. மனிதரின் மற்ற வலிக் குளிசைகளான இபுபுரூபன், டைக்ளோபெனக்கும் வேண்டாம்.

அதற்காக, "பூனைதானே, தானாக மாறிவிடும்" என்று விடுவதும் எனக்குச் சம்மதமில்லை. பெண் பூனைக்கு வயிற்றைத் திறந்து சூலகத்தை எடுக்கிறார்கள். கடுவனுக்குச் சின்ன வெட்டு, ஆனாலும் வலிக்கும். பூனை கத்தி அழாது, மறைக்கும். காதுகள் வெளிப்பக்கம் திரும்பியிருக்கிறதா, கண்கள் பாதி மூடி இறுகியிருக்கிறதா, தலை தோளுக்குக் கீழே தொங்குகிறதா என்று பாருங்கள். கனடாவின் மொன்றியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்ட வலி அளவுகோலும் இப்படி முகத்தைப் பார்த்துத்தான் கணிக்கிறது.

பூனைக்கென்றே வலி மருந்துகள் இருக்கின்றன. புப்ரநோர்பின் ஊசி ஒன்று. மெலொக்சிகாம் இன்னொன்று, இதில்தான் அளவு மிக முக்கியம். சில நாடுகளில் வைத்தியர்கள் வீட்டில் தொடர்ந்து கொடுக்கச் சொல்லும் அளவு, ஒரு நாளைக்குக் கிலோவுக்கு 0.05 மில்லிகிராம். மூன்று கிலோ பூனைக்கு 0.15. மனிதருக்கான 7.5 மில்லிகிராம் குளிசை அதைப்போல ஐம்பது மடங்கு! நாய்க்கான வழக்கமான திரவமும் பூனைக்கானதைவிட மூன்று மடங்கு செறிவானது. திரும்பத் திரும்பக் கொடுத்ததில் சிறுநீரகம் பழுதாகிப் பூனைகள் இறந்ததால், அமெரிக்க மருந்து நிர்வாகம் 2010இல் இதற்குக் கடும் எச்சரிக்கை போட வைத்தது. நம் ஊர் வெயிலில் தண்ணீர் குடிக்காமல் கிடக்கும் பூனைக்கு இந்த ஆபத்து இன்னும் கூட.

ஆகவே மிருக வைத்தியரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள். என்ன வலி மருந்து போட்டீர்கள், எத்தனை மணித்தியாலம் வேலை செய்யும், வீட்டுக்கு ஏதும் தருவீர்களா, எத்தனை நாளைக்கு? பதிலை எழுதி வாங்குங்கள். சிறுநீரக வருத்தம் இருந்தாலோ ஸ்டீரொயிட் கொடுத்திருந்தாலோ ஒப்பரேஷனுக்கு முன்பே சொல்லிவிடுங்கள். மறுநாளும் சாப்பிடாவிட்டால் காத்திருக்காமல் அவருக்கே கோல் எடுங்கள்.

பார்மசி வைத்திருக்கும் தம்பி தங்கச்சிமாருக்கும் ஒரு கேள்வி. வலிக் குளிசை கேட்டு வருபவரிடம், "ஆருக்கு?" என்று ஒருமுறை கேட்டால் என்ன?

ஏற்கனவே பனடோல் கொடுத்திருந்தால், வாந்தி எடுக்க வைக்கப் பார்க்க வேண்டாம், விடியட்டும் என்று இருக்கவும் வேண்டாம். குளிசை மட்டையோடு பூனையை உடனே கொண்டுபோங்கள். மனிதருக்குப் பனடோல் அளவு மீறினால் கொடுக்கும் அசெட்டைல்சிஸ்டைன்தான் பூனைக்கும் மாற்று மருந்து. எவ்வளவு சீக்கிரம் கொடுக்கிறார்களோ, பிழைக்க அவ்வளவு வாய்ப்பு.