சேறு பட்டால் பட்டுவிட்டுப் போகட்டும்

நேற்று ராத்திரி நண்பர் ஒருவர் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தார். கென்யா பக்கம் நடக்கிற ஈஸ்ட் ஆஃப்ரிக்கன் சஃபாரி கிளாசிக் ரேலியில் ஓடும் பழைய போர்ஷே 911. பின் கண்ணாடி தெரியாத அளவுக்குச் செம்மண். முன்பக்கம் ஒரு மட்கார்டு நசுங்கி டயரைத் தொட்டுக்கொண்டு இருக்கிறது. கீழே, "மியூசியத்தில் வைக்க வேண்டிய வண்டியை இப்படிச் சீரழிக்கிறானுங்களே" என்று ஒரு வரி.

பதில் எழுத ஆரம்பித்தேன், நீண்டுவிட்டது. அதனால் இங்கே போடுகிறேன்.

முதலில் அந்த ரேலியின் கதை. எலிசபெத் ராணியின் முடிசூட்டு விழாவை ஒட்டி 1953இல் கிழக்கு ஆப்பிரிக்காவில் தொடங்கியதுதான் பழைய சஃபாரி ரேலி. ஐரோப்பாவில் கொடிகட்டிப் பறந்த பெரிய ஓட்டுநர்கள் எல்லாம் அங்கே வந்து மண்ணைக் கவ்விவிட்டுத்தான் போனார்கள். வெளியிலிருந்து வந்து முதலில் ஜெயித்தவர் ஹன்னு மிக்கோலா, ஃபோர்டு எஸ்கார்ட்டில், 1972இல்தான். அதுவரை உள்ளூர்க்காரர்கள் ராஜ்ஜியம். அதில் பெரிய பெயர் ஜோகிந்தர் சிங். கென்யாவில் பிறந்த சீக்கியர். 1965இல் ஏற்கனவே ரேலியில் அடிபட்ட ஒரு செகண்ட் ஹேண்ட் வோல்வோவை வாங்கி, தம்பியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு ஜெயித்தார்.

இப்போது போர்ஷேக்கு வருவோம். 911 மான்டே கார்லோ ரேலியை 1968, 69, 70 என்று மூன்று வருடம் வரிசையாக ஜெயித்த கார். கடைசி இரண்டும் பியோர்ன் வால்டேகார்டு என்ற ஸ்வீடன்காரர் ஜெயித்தது. அதே ஆள் 1974இல் அதே 911ஐ எடுத்துக்கொண்டு சஃபாரிக்கு வந்தார். இரண்டாவது இடம். முதல் இடம் யாருக்கு? நம்ம ஜோகிந்தருக்கு, ஒரு சின்ன மிட்சுபிஷி லான்சரில். 1978லும் 911க்கு இரண்டாவது இடம்தான். கடைசிவரை அந்தக் காருக்கு அந்த ரேலி அமையவில்லை.

பழைய ரேலியின் பொன்விழாவை ஒட்டி, பழைய கார்களுக்கென்றே 2003இல் சஃபாரி கிளாசிக் ஆரம்பித்தது. 2011இல் வால்டேகார்டு 911இல் வந்து ஜெயித்தார். வயது 68. பக்கத்து சீட்டில் வழி சொன்னது அவர் மகன். விட்டதைப் பிடிக்க 37 வருடம்! 2014இல் மனிதர் போய்ச் சேர்ந்துவிட்டார். காரை மியூசியத்தில் வைத்திருந்தால் இது நடந்திருக்குமா?

இங்கே ஒருவர் கண்டிப்பாக வந்து சொல்வார்: "அது 1974 காரே இல்லையே, பட்டறையில் புதிதாக ஏற்றிக் கட்டினதுதானே?" சரிதான். அதே காலத்து வகைதான், ஆனால் சஸ்பென்ஷன், அடித்தகடு, உள்ளே இருப்பவர்களைக் காக்கும் இரும்புக் கூண்டு எல்லாம் இந்த ஓட்டத்துக்காகவே பலப்படுத்தியது. இருக்கட்டுமே. திருவாரூர் ஆழித்தேரும் 1926இல் எரிந்து, திரும்பச் செய்ததுதான். முட்டுக்கட்டை போதாதென்று திருச்சி பெல் செய்து கொடுத்த ஹைட்ராலிக் பிரேக் வேறு இருக்கிறது. அதை யாராவது டூப்ளிகேட் தேர் என்கிறோமா? வடம் பிடிக்கப் போகிறோம், அவ்வளவுதான்.

எல்லா ஹிஸ்டாரிக் ரேலியும் எனக்கு ஒன்றுபோலப் பிடிக்கும் என்று பொய் சொல்ல மாட்டேன். இத்தாலியில் பழைய கார்கள் ஓடும் மில்லே மில்யாவை யூடியூபில் பார்க்கும்போது பாதி நேரம் பணக்காரர் வீட்டுக் கல்யாண ஊர்வலம் போலத்தான் இருக்கும். கோட்டு, தொப்பி, கையசைப்பு. ஆனால் அங்கே வேகப் போட்டி ஏன் இல்லை என்பதற்குக் காரணம் இருக்கிறது. 1957இல் குயிதிட்சோலோ கிராமத்துக்குப் பக்கத்தில் ஒரு ஃபெராரி டயர் வெடித்துக் கூட்டத்துக்குள் பாய்ந்தது. காரில் இருந்த இரண்டு பேரோடு வேடிக்கை பார்த்த ஒன்பது பேரும் செத்தார்கள், அதில் ஐந்து குழந்தைகள். வேகப் பந்தயமாக அது அத்தோடு முடிந்தது.

1977இல் திரும்ப வந்தபோது அது கடிகாரத்தோடு போட்டி. நம்ம ஊர் ரேலிக்காரர்கள் டிஎஸ்டி (டைம், ஸ்பீட், டிஸ்டன்ஸ்) என்பார்களே, கிட்டத்தட்ட அந்த ஜாதி. சாலைக்குக் குறுக்கே ஒரு ரப்பர் குழாய் கிடக்கும், சொன்ன நொடியில் முன்சக்கரம் அதன்மேல் ஏற வேண்டும். முந்தினாலும் பிந்தினாலும் மதிப்பெண் போகும். கணக்கு நொடியில் நூறில் ஒரு பங்குவரை. பக்கத்து சீட்டுக்காரர் "நாலு, மூணு, ரெண்டு" என்று எண்ண, ஓட்டுகிறவர் கிளட்ச்சைக் கிள்ளுகிற மாதிரி விட்டு வண்டியை உருட்டுவார். 1929 ஆல்ஃபா ரோமியோ ஒன்று சமீபத்தில் வருடாவருடம் ஜெயித்தது. கிழட்டு வண்டிக்கு மதிப்பெண்ணைப் பெருக்கிக் கொடுக்கும் சலுகை உண்டு என்றாலும், அந்த வயசான கியர்பாக்ஸை வைத்துக்கொண்டு நூறில் ஒரு நொடியைப் பிடிப்பது விளையாட்டா?

ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்கிறேன். 1955இல் ஸ்டிர்லிங் மாஸ் என்ற இங்கிலாந்து ஓட்டுநர் மில்லே மில்யா ஜெயித்த மெர்சிடிஸ், 722 என்று எண் போட்டது (காலை 7:22க்குக் கிளம்பினதால் அந்த எண்). அதைக் கொண்டுபோய்ச் சஃபாரி சேற்றில் இறக்கச் சொல்ல மாட்டேன். அது ஒன்றே ஒன்று. ஆனால் அதையும் மாஸ் வயதான பிறகு எடுத்து ஓட்டிக் காட்டியிருக்கிறார்.

நான் இவ்வளவு பேசுவதற்குச் சொந்தக் காரணமும் உண்டு. சித்தப்பா வீட்டு ஷெட்டில் ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் இருக்கிறது, மெட்ராஸில் செய்தது. இதே ஹெரால்டின் சேஸிஸைக் குறுக்கித்தான் இங்கிலாந்தில் ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காரைச் செய்தார்கள். நம்முடையது பதினோரு வருடமாகத் தார்பாய்க்குள். "ஓட்டினா தேஞ்சிடும்" என்பார் சித்தப்பா. போன தீபாவளிக்குத் தார்பாயை விலக்கி பானெட்டைத் தூக்கினோம். முன்பக்கம் மொத்தமும் ஒரே துண்டாக முன்னால் கவிழ்கிற பானெட் அது. ஏர் ஃபில்டருக்குள் எலி குடித்தனம். கார்பரேட்டரில் பெட்ரோல் காய்ந்து வார்னிஷ் மாதிரி ஒட்டியிருந்தது. வீல் சிலிண்டர் நான்கும் துருப்பிடித்து இறுகி, தள்ளினால் வண்டி ஒரு அங்குலம் நகரவில்லை. ஒரு கிலோமீட்டர்கூட ஓடாமலே ஒரு காரை இவ்வளவு தேய்க்க முடியும் என்று அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன்.

மெக்கானிக் லிஸ்ட் எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். சித்தப்பா அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "மழை விடட்டும், பார்க்கலாம்" என்றார். மழை விட்டு நாலு மாதம் ஆகிறது.