டெர்மினலைக் கழற்றிக்கூடப் பார்க்காமல் "பேட்டரி போச்சு" என்கிறார்களே!

எலெக்ட்ரிக் கார் ஸ்டார்ட் ஆகவில்லை என்று சர்வீஸுக்குக் கொண்டுபோனேன். பானெட்டைத் திறப்பதற்கு முன்பே தீர்ப்பு வந்துவிட்டது: "12 வோல்ட் பேட்டரி போச்சு, மாத்திடணும்." பேட்டரியில் கேபிள் மாட்டும் முனையான டெர்மினலில் பச்சையும் வெள்ளையுமாக உப்புப் பூத்துக் கிடக்கிறது. அதைத் தொட்டுப் பார்க்கவே ஆள் இல்லை!

வண்டியை ஓட்டும் பெரிய பேட்டரி முழு சார்ஜில் இருந்தாலும், அதை வண்டியோடு இணைக்கும் கான்டாக்டர் என்ற ஸ்விட்ச் மூடுவதற்கு இந்தச் சின்ன பேட்டரியின் 12 வோல்ட் வேண்டும். அது போய்ச் சேரவில்லை என்றால் வண்டி அசையாது. குறை பேட்டரியிலா, இணைப்பிலா என்று பார்ப்பதுதானே முதல் வேலை? அந்த முதல் வேலையைச் செய்யாமல் என்ன சர்வீஸ் இது?

நான்கு லெட் ஆசிட் பேட்டரிகளை வரிசையாகக் கோத்து 48 வோல்ட்டில் ஓட்டும் வண்டிக்காரர்கள் பாடு இன்னும் மோசம். எட்டு டெர்மினலில் ஒன்று கெட்டாலும் மொத்த வண்டியும் அடி வாங்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஓர் இணைப்பில் வெறும் 10 மில்லி ஓம் தடை. 50 ஆம்பியர் ஓடும்போது அங்கேயே அரை வோல்ட் காலி, 25 வாட் சூடு. மேடேறும்போது 100 ஆம்பியர் இழுத்தால் அதே இடத்தில் 100 வாட்! சூடேறினால் உலோகம் இன்னும் ஆக்ஸைடு பிடிக்கும், தடை கூடும், இன்னும் சூடேறும். கடைசியில் ஈய முனையே உருகிப்போகும். அதற்குள் வோல்டேஜ் இறங்கிவிட்டது என்று, மோட்டாருக்குப் போகும் கரண்டைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலர் பவரைக் குறைக்கும். பழி மட்டும் பேட்டரி தலையில்.

சரிசெய்ய என்ன பெரிய வித்தை வேண்டும்? வண்டியை அணைத்து, நெகட்டிவை முதலில் கழற்றி, கடைசியில் மாட்ட வேண்டும். சமையல் சோடா கலந்த தண்ணீரைத் தொட்டு, பேட்டரி மூடியின் துளைகளுக்குள் போகாமல் தேய்த்தால் நுரைத்துக்கொண்டு கிளம்பிவிடும். அப்புறம் ஈரம் போகத் துடைத்து, உப்புத்தாளால் பளிச்சென்று உலோகம் தெரியும்வரை லேசாகத் தேய்த்து, ஆடாமல் இறுக்க வேண்டும். கிரீஸ் அதற்குப் பிறகுதான். அழுக்கின் மேலேயே கிரீஸை அப்பி "சர்வீஸ் முடிஞ்சது" என்பவர்களைப் பார்த்தால் ரத்தம் கொதிக்கிறது! (ஆரஞ்சு நிற கேபிள் பக்கம் மட்டும் கை வைக்காதீர்கள். அதில் நூற்றுக்கணக்கான வோல்ட் ஓடும், பயிற்சி பெற்றவர்கள்தான் தொட வேண்டும்.)

மல்டிமீட்டர் அவர்கள் மேஜையிலேயே கிடக்கிறது. ஹெட்லைட், ஃபேன் எல்லாம் ஓடும்போது மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் ஈய முனையிலும் மறுமுனையை கேபிள் நுனியில் உள்ள உலோக லக்கிலும் வைத்தால் போதும். சில மில்லிவோல்ட் காட்டினால் இணைப்பு நன்றாக இருக்கிறது. அரை வோல்ட் காட்டினால் குற்றவாளி அங்கேதான். இந்த அளவைக் கண்ணெதிரே எடுத்துக் காட்டாமல் புது பேட்டரிக்கு பில்லை நீட்டினால் கையெழுத்துப் போடாதீர்கள்.