காது மிஷின் வைக்க என்ன வெட்கம்?

எங்கள் திருநெல்வேலிப் பக்கம் அறுபது வயதில் ஒருவர் கண்ணாடி போட்டால் யாரும் ஒன்றும் சொல்வதில்லை. கண்புரை ஆபரேஷன் முடிந்து கறுப்புக் கண்ணாடியோடு வந்தால் தெருவே நலம் விசாரிக்கும். கண் முகாம்கள் அந்தக் கூச்சத்தை எப்போதோ போக்கிவிட்டன. அதே ஆள் காதில் மிஷின் வைத்தால் மட்டும் 'செவிட்டுப் பெரியப்பா' ஆகிவிடுகிறார். காது கேளாத பிள்ளைகளுக்கு நூறு வருஷத்துக்கு மேலாகப் பள்ளிக்கூடம் நடக்கிற பாளையங்கோட்டையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இந்தப் புத்தி!

இதை இப்போது எழுதக் காரணம், காது மூளையோடு எவ்வளவு ஒட்டியது என்று சமீப வருஷங்களில் வந்திருக்கும் ஆராய்ச்சிகள். 2011-ல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஃபிராங்க் லின் குழுவினர் 639 பேரைப் பல வருஷம் தொடர்ந்து பார்த்த முடிவை வெளியிட்டார்கள். காது நன்றாகக் கேட்பவர்களை விட, லேசாக மந்தமானவர்களுக்கு டிமென்ஷியா என்னும் மறதி நோய் வரும் வாய்ப்பு சுமார் 2 மடங்கு. நடுத்தரமாக மந்தமானவர்களுக்கு 3 மடங்கு. மிகவும் மோசமானவர்களுக்கு ஏறக்குறைய 5 மடங்கு. 2024-ல் லான்செட் என்னும் மருத்துவ இதழ் அமைத்த நிபுணர் குழு, டிமென்ஷியாவுக்கு நாம் முயன்றால் குறைக்கக்கூடிய 14 காரணங்களைச் சொன்னது. காது கேளாமையும் அதில் உண்டு.

ஏன் இப்படி என்பதற்கு இன்னும் ஒரே பதில் கிடையாது. ஆனால் வீட்டில் நடப்பதைக் கவனித்தாலே பாதி விளங்கும். வயதாகும்போது முதலில் போவது உச்ச ஸ்தாயி ஒலிகள். அ, ஆ, ஓ எல்லாம் கேட்கும். ச, த, ப மாதிரி சன்னமாக ஒலிக்கும் மெய்கள் நழுவும். அதனால்தான் ஆச்சி, "சத்தம் கேக்கு, என்ன பேசுதீங்கன்னுதான் வெளங்கல" என்கிறாள். அது சாக்கு இல்லை, துல்லியமான வர்ணனை. விட்டுப்போன எழுத்துகளை மூளை ஊகித்து நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. நாம் கத்தினால் உயிரெழுத்துகள்தான் பெரிதாகின்றன, நழுவிய மெய் திரும்புவதில்லை. போதாக்குறைக்கு, பழுதான காதுக்குப் பெரிய சத்தம் சட்டென்று உறைக்கும். "ஏம்ல கத்துத?" என்று அவள் எரிந்து விழுவது அதனால்தான். அப்புறம் கேள்வி ஒன்று, பதில் வேறு, வீடே சிரிக்கும். கொஞ்ச நாளில் ஆச்சி திண்ணைப் பேச்சுக்கே வருவதில்லை. நாலு பேரோடு பழகுவது குறைவதும் அந்த 14 காரணங்களில் ஒன்று.

சரி, மிஷின் வைத்தால் மறதி வராதா? அப்படி யாராவது விற்றால் நம்பாதீர்கள். 2023-ல் வெளியான பெரிய பரிசோதனையில் 70 முதல் 84 வயது வரையான 977 பேர் இருந்தார்கள். மொத்தமாகப் பார்த்தால் 3 வருஷத்தில் மிஷின் வைத்தவர்களுக்கும் வைக்காதவர்களுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் ஏற்கெனவே ஆபத்து கூடுதலாக இருந்த பிரிவினரிடம் மட்டும் அறிவுத்திறன் சரிவு 48 சதவீதம் மட்டுப்பட்டது. எனக்கு இது போதும். மறதியைத் தடுக்காவிட்டால்கூடப் பேரனுடன் பேச முடியுமே, அது சின்ன விஷயமா?

கோயில் கொடைவிழாவுக்கு வீட்டு வாசலில் ஒலிபெருக்கிக் குழாய் கட்டுவது பற்றியும் ஒரு வார்த்தை. உள்காதில் ஒலியை வாங்குகிற நுண்மயிர்ச் செல்கள் மனிதனுக்குப் பெருஞ்சத்தத்தால் ஒருமுறை போனால் மறுபடி முளைப்பதில்லை. வில்லுப்பாட்டு வேண்டாம் என்று யார் சொன்னது? குழாயின் வாயைத் திண்ணைப் பக்கம் திருப்பாமல் இருக்கலாம் அல்லவா?

மிஷின் வாங்கிப் பீரோவில் வைத்திருப்பவர்கள் நிறையப் பேர். மாட்டிய முதல் நாளிலேயே மின்விசிறியும் பாத்திரமும் இரைவது மாதிரி இருக்கும், கழற்றிவிடுவார்கள். பல வருஷம் கேட்காத ஒலிகளுக்கு மூளை பழகச் சில வாரம் ஆகும். முதலில் அமைதியான அறையில் ஒன்றிரண்டு மணி நேரம் வையுங்கள், பிறகு கூட்டுங்கள். ஆன்லைனில் சல்லிசாகக் கிடைக்கிற, எல்லாச் சத்தத்தையும் ஒரேயடியாகப் பெருக்கும் கருவி வேண்டாம். செவிப் பரிசோதனை செய்து, எந்த ஒலி குறைகிறதோ அதற்கேற்ப அமைத்துத் தருவதை வாங்குங்கள். சரியாக இல்லையென்றால் திரும்பப் போய் அமைப்பை மாற்றச் சொல்லுங்கள். கூச்சப்படாமல் இரண்டாம் தடவையும் போங்கள்.