இலையை மட்டும் கேட்காதீர்கள் மாப்பிள்ளை!

(கிருஷ்ணகிரி மாவட்டம், சந்தூர்ப் பக்கம் ஒரு மாந்தோப்பு. போகி அன்று சாயங்காலம். மாமனார் விவசாயி. மாப்பிள்ளைக்கு ஓசூரில் கம்பெனி வேலை. தலைப்பொங்கல் மரியாதை போன வருஷத்தோடு முடிந்தது அவருக்கு இன்னும் தெரியாது.)

மாப்பிள்ளை: மாமா, பிளாஸ்டிக் தோரணம் கட்டினால் பொங்கலே கிடையாது என்று உங்கள் பெண் சொல்லிவிட்டாள். பச்சை மாவிலைதான் வேண்டுமாம்.

மாமனார்: நல்லதுதானே. போன வருஷம் அந்தப் பிளாஸ்டிக்கைச் சோப்புப் போட்டு அலசிக் கொடியில் காயப்போட்டிருந்தீர்கள். பார்த்த எனக்கே கூச்சமாகிவிட்டது.

மாப்பிள்ளை: அப்போ நாலு கொத்து ஒடித்துக்கொள்ளட்டுமா?

மாமனார்: எங்கே?

மாப்பிள்ளை: இங்கேதான். சுற்றிலும் மாமரம்தானே?

மாமனார்: (துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு) மாப்பிள்ளை, பெண்ணைக் கேட்டீர்கள், கொடுத்தேன். மோதிரம் நீங்கள் கேட்கவே இல்லை, போட்டேன். பூ எடுக்கிற நேரத்தில் இலையை மட்டும் கேட்காதீர்கள்.

மாப்பிள்ளை: நாலு கொத்துதானே மாமா!

மாமனார்: இந்த நுனியைப் பாருங்கள். விரல் நீளத்துக்குச் செம்பழுப்பாக நீட்டிக்கொண்டிருக்கிறதே, அதுதான் பூ. மாமரத்துக்குப் பூ நுனியில்தான் வரும், கொத்தாக ஒடித்தால் நுனியும் சேர்ந்து போகும். இதில் நூற்றுக்கணக்கில் பூக்கும், காயாக நிற்பது ஒன்றோ இரண்டோ. அதையும் நீங்கள் ஒடித்துப் போய்விட்டால் சீசனில் மாங்கூழ் ஆலைக்கு நான் எதை ஏற்றி அனுப்புவது, தோரணத்தையா?

மாப்பிள்ளை: சரி, நுனி வேண்டாம். அடிக்கிளையில் ஒற்றை ஒற்றையாகப் பறிக்கிறேன்.

மாமனார்: தாராளமாக. ஆனால் நேற்றுதான் தத்துப்பூச்சிக்கு மருந்து அடித்தேன். வாசலில் கட்டினால் மகாலட்சுமி நிலைப்படி வரை வந்து, தும்மிக்கொண்டே திரும்பிப் போவாள்.

மாப்பிள்ளை: தென்னங்குருத்து?

மாமனார்: மாப்பிள்ளை!

மாப்பிள்ளை: விடுங்கள். காப்புக் கட்டவாவது ஏதாவது கிடைக்குமா?

மாமனார்: அதற்கென்ன, அள்ளிக்கொள்ளுங்கள். வரப்பு நெடுகச் சிறுபூளை பஞ்சு பஞ்சாகப் பூத்திருக்கிறது. ரோட்டோரம் ஆவாரம்பூ. கிணற்றடியில் வேம்பு. மூன்றையும் ஒரு பிடி சேர்த்துக் கட்டிக் கூரை எரவாணத்தில் செருகினால் முடிந்தது.

மாப்பிள்ளை: எங்கள் வீடு அபார்ட்மெண்ட் மாமா. மூன்றாவது மாடி. எரவாணத்துக்கு எங்கே போவது?

மாமனார்: கதவுக்கு மேலே ஏதாவது நீட்டிக்கொண்டிருக்காதா?

மாப்பிள்ளை: கேமராதான் இருக்கிறது.

மாமனார்: அதில் செருகுங்கள். ஊரையே காவல் காக்கிறது, அதற்கும் ஒரு காப்பு வேண்டாமா? நான் மாட்டுக்கொட்டகைக்கு, வயலுக்கு, மோட்டார் ரூமுக்குக்கூடக் கட்டுகிறேன்.

மாப்பிள்ளை: போன வாரம்தானே மோட்டார் புகைந்தது?

மாமனார்: அது போன வருஷக் காப்பு. தேதி முடிந்துவிட்டது. (குரலைத் தாழ்த்தி) மாவிலைக்கு ஒரு வழி இருக்கிறது. அதோ, அந்த வரப்பில் ஒரு நாட்டு மரம் தெரிகிறதா? மருந்தும் கிடையாது, ஒன்றும் கிடையாது. எவ்வளவு வேண்டுமானாலும் பறியுங்கள்.

மாப்பிள்ளை: அதிலும் பூ இருக்கிறதே?

மாமனார்: இருந்தால் இருக்கட்டும். அது பங்காளி மரம்.

மாப்பிள்ளை: அடப்பாவமே! அவர் சண்டைக்கு வரமாட்டாரா?

மாமனார்: அடி அவன் பக்கம், கிளை நம் பக்கம். என் அப்பா காலத்திலிருந்து நடக்கிற பஞ்சாயத்து அது. 2004-இல் தர்மபுரியிலிருந்து கிருஷ்ணகிரியையே தனி மாவட்டமாகப் பிரித்துக் கொடுத்துவிட்டார்கள். இந்த வரப்பைப் பிரிக்கத்தான் ஆள் இல்லை.

(மாப்பிள்ளை ஒரு கூடை இலையோடு வந்து உட்கார்கிறார். பையிலிருந்து எதையோ எடுக்கிறார்.)

மாமனார்: என்ன அது?

மாப்பிள்ளை: ஸ்டேப்ளர்.

மாமனார்: தோரணம் கட்டுகிறீர்களா, லீவு லெட்டர் கொடுக்கிறீர்களா? அந்தப் பின் இலையைக் கிழிக்கும், துருப்பிடிக்கும், உதிர்ந்து மாடு தின்றால் வயிற்றுக்குள் போகும். இப்படிக் கொடுங்கள். தளிர் ஏன் பறித்தீர்கள்? நாளைக் காலையில் துவண்டு தொங்கும். முற்றின இலைதான் நிற்கும். வாழைநாரை நனைத்து இழுத்துக் கட்டிக்கொள்ளுங்கள். இலையின் காம்புப் பக்கத்தை நாருக்கு மேலே மடித்து, காம்பை நடுநரம்புக்குப் பக்கத்தில் குத்தி இந்தப் பக்கம் இழுங்கள். அவ்வளவுதான். காம்பேதான் ஊசி.

மாப்பிள்ளை: (மூன்று இலையைக் கிழித்து, நான்காவதில்) வந்துவிட்டது!

மாமனார்: தலைகீழாக வந்திருக்கிறது. நுனி கீழே பார்க்க வேண்டும்.

மாப்பிள்ளை: இந்த நாட்டு மரத்து இலை ரொம்பப் பொடியாக இருக்கிறது மாமா. எதிரே பங்காளி வீட்டு வாசலில் கட்டியிருக்கிறார்கள் பாருங்கள், அது தோரணம்! இலை ஒவ்வொன்றும் முழ நீளம்.

மாமனார்: அவன் வீட்டிலா? முழ நீளமா? அவனிடம் இருப்பதே இந்த ஒரு மரம்தானே?

மாப்பிள்ளை: கிட்டத்தில் போய்ப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். ஒற்றை ஒற்றையாக இல்லை, எல்லாம் கொத்துக் கொத்தாக, நுனியோடு. ஒரு போட்டோ எடுக்கலாம் என்றால் தும்மல்தான் விடவில்லை.

மாமனார்: என்ன விடவில்லை?

மாப்பிள்ளை: தும்மல் மாமா. அடுக்கடுக்காக.

மாமனார்: அந்தப் பயல் ஜென்மத்தில் மருந்து அடித்ததில்லையே! (துள்ளி எழுந்து) மாப்பிள்ளை, அந்த டார்ச்சை எடுங்கள்!