"256 தாராளம்"னு சொன்ன மகராசன் எங்கே?

புது கம்ப்யூட்டர்னு யாராவது வாயைத் திறந்தா போதும், எங்கிருந்தோ ஒருத்தர் வந்து நிப்பார். "வீட்டு யூஸுக்குத்தானே? 256 ஜிபி எஸ்எஸ்டி தாராளம்." எஸ்எஸ்டின்னா விண்டோஸ், ஃபைல் எல்லாம் தங்கற சிப் டிரைவ். அப்புறம் சி டிரைவ் நிரம்பி சிவப்பாகி நிக்கறப்போ தேடினா, மகராசன் இருக்கற இடமே தெரியாது.

எதுக்குய்யா தாராளம்? பெட்டி மேல 256. விண்டோஸ்ல திறந்தா 238. கேட்டா, தயாரிக்கறவன் ஒரு ஜிபிக்கு நூறு கோடி பைட்னு எண்றானாம், விண்டோஸ் 1024, 1024ஆ பெருக்கி எண்ணுதாம். ரெண்டு பேரும் உக்காந்து பேசி ஒரே கணக்குக்கு வரக் கூடாதா? 1 டிபி, அதாவது 1000 ஜிபி வாங்கினாலும் 931தான் தெரியும்.

சரி, அந்த 238ஆவது நமக்கா? விண்டோஸ் 11க்குக் குறைஞ்சபட்சத் தேவையே 64 ஜிபி டிரைவ். கம்ப்யூட்டர் ஹைபர்னேட் ஆகறப்போ ரேம்ல இருக்கறதை எழுதி வைக்க, ஹைபர்னேட் ஃபைல்னு ஒண்ணு கண்ணுக்குத் தெரியாம உக்காந்திருக்கும். வழக்கமா ரேம்ல 40 சதவீதம், அதாவது 16 ஜிபி ரேம்னா 6 ஜிபிக்கு மேல போச்சு. ரேம் பத்தாதப்போ கை கொடுக்கற பேஜ் ஃபைல் தனி. அப்டேட்டுக்குன்னு விண்டோஸ் ஒதுக்கி வச்சுக்கறது சுமார் 7 ஜிபி. பெரிய அப்டேட் வந்தா, பழைய விண்டோஸை ஒரு ஃபோல்டர்ல போட்டு 10 நாள் வச்சிருக்கும். நாம இன்னும் ஒரு போட்டோ கூட ஏத்தல!

என் தங்கச்சி லேப்டாப்பும் இந்த "தாராளம்" கேஸ்தான். "போதிய இடம் இல்லை"ன்னு அப்டேட் பாதியில நிக்குது. "அண்ணா, எதை அழிக்கட்டும்?"னு கேக்கறா. டவுன்லோட்ஸ்ல ஒரே பிடிஎஃப் ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு நம்பர் போட்டு வரிசையா நிக்குது. எல்லாத்தையும் தூக்கினா கிடைச்ச இடம் சில எம்பி. நிஜமான திருடன் ஆப்டேட்டாங்கற மறைஞ்சிருக்கற ஃபோல்டர்ல ஒளிஞ்சிருக்கான்: பிரௌசர் தற்காலிகமா சேத்து வைக்கற கேஷ், சாட் ஆப்புல வந்த வீடியோ, என்னிக்கோ தூக்கின சாஃப்ட்வேர் விட்டுட்டுப் போன குப்பை. மாசாமாசம் இதைக் கூட்டிப் பெருக்கவா கம்ப்யூட்டர் வாங்கறோம்?

இடம் நிரம்பினா ஸ்பீடும் போகும், அதை யாரும் சொல்றதில்லை. நிறைய எஸ்எஸ்டி, காலியா இருக்கற இடத்துல ஒரு பகுதியைத்தான் வேகமான கேஷா, அதாவது தற்காலிக இடமா வச்சு எழுதுது. காலி இடம் சுருங்கினா கேஷும் சுருங்கும். பெரிய வீடியோவை காப்பி போட்டுப் பாருங்க: பச்சை கிராஃப் மலை மாதிரி எழும்பி, திடீர்னு தரையில படுத்துடும். ஒரே செல்லுல நாலு பிட்டை அடைக்கற மலிவான க்யூஎல்சி டிரைவ்னா, அந்த நேரத்துல பழைய ஹார்ட் டிஸ்க்கே தேவலைன்னு ஆகிடும். பெட்டியில மட்டும் "நொடிக்கு 3500 எம்பி வரை"ன்னு கொட்டை எழுத்து. அந்த "வரை"தான் பொடி எழுத்துல இருக்கும்.

"எக்ஸ்டர்னல் வாங்கிக்கோ, க்ளவுட்ல போடு"ன்னு அடுத்த கோஷ்டி வரும். போட்டோவுக்குச் சரி. 100 ஜிபி தாண்டற கேமை க்ளவுட்ல வச்சா விளையாடுவீங்க? இன்னொரு பக்கம், மெயில் பாக்கறவர் தலையில 4 டிபியைக் கட்டற ஆளுங்களும் இருக்காங்க. அதுவும் அநியாயம்தான்.

பிரௌசிங், ஆபீஸ் வேலை, கொஞ்சம் போட்டோன்னா 512ல ஆரம்பிங்க. கேம், வீடியோ எடிட்டிங்னா 1 டிபி, அதுக்குக் கீழே பேச்சே வேண்டாம். 2 டிபி எல்லாம் கேமை அழிக்க மனசு வராதவங்களுக்கு. எதை வாங்கினாலும் அஞ்சுல ஒரு பங்கைக் காலியா விட்டு வைங்க.

லேப்டாப்னா இன்னொரு வயித்தெரிச்சல். சிலதுல எஸ்எஸ்டி சொருக ஒரே ஒரு எம்.2 ஸ்லாட்தான், பெருசா மாத்தணும்னா இருக்கறதைக் கழட்டி, உள்ளே இருக்கறதை அப்படியே குளோன் எடுத்து, பாதி நாள் போயிடும். சிலதுல ஸ்டோரேஜையே போர்டோட சால்டர் பண்ணி அனுப்பறாங்க, கழட்டவே முடியாது. அதை விளம்பரத்துல எங்கேயாவது போடறாங்களா? "மெலிசா இருக்கு, லேசா இருக்கு"ன்னு மட்டும் பக்கம் பக்கமா போடறாங்க. இந்தக் காலத்துலயும் 128 ஜிபி போட்டு விக்கறவங்களைப் பத்தி எழுதினா வாய்ல வேற வார்த்தை வந்துடும், விடுங்க.