மேஸ்திரியின் விரல்

1934க்கு முன் சான் பிரான்சிஸ்கோ துறைமுகத்தில் பொழுது விடியும்போதே ஆட்கள் கும்பலாக வந்து நிற்பார்கள். மேஸ்திரி வந்து, நீ வா, நீ வா என்று விரல் நீட்டுவார். அந்த விரல் நம் பக்கம் திரும்ப அவருக்கு லஞ்சம் அழ வேண்டும். சங்கக்காரன் என்று பெயர் எடுத்தவனுக்கு அது நீளவே நீளாது.

ஆஸ்திரேலியாவில் பிறந்த ஹாரி பிரிட்ஜஸ் அந்தத் துறைமுகத்தில் சுமை தூக்கியவர். 1934 மே 9 அன்று அமெரிக்காவின் மேற்குக் கடற்கரைத் துறைமுகங்களில் வேலைநிறுத்தம் தொடங்கியது; அதன் முன்னணித் தலைவர் அவர்தான். ஜூலை 5 அன்று போலீஸ் சுட்டு இருவர் செத்தார்கள். அந்தக் கோபத்தில் நகரமே நான்கு நாள் வேலையை நிறுத்தியது. அக்டோபரில் வந்த நடுவர் தீர்ப்பு ஆறு மணி நேர வேலையையும் மணிக்கு 95 சென்ட் கூலியையும் தந்தது. அவற்றைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று: ஆட்களை வேலைக்கு அனுப்பும் கூடத்தில் உட்காருபவரைச் சங்கமே தேர்ந்தெடுக்கும் என்ற விதி. பிறகு, யார் குறைந்த நேரம் வேலை பார்த்திருக்கிறாரோ அவருக்கே முதல் முறை என்று ஆயிற்று.

1950இல், கம்யூனிஸ்ட் சார்பு என்று சொல்லி, சிஐஓ என்ற தேசியத் தொழிற்சங்கக் கூட்டமைப்பு, பிரிட்ஜஸ் தலைமை தாங்கிய துறைமுகத் தொழிலாளர் சங்கத்தை வெளியேற்றியது. அந்த ஓரிரு ஆண்டுகளில் மொத்தம் 11 சங்கங்கள் வெளியே போயின. பல சிதறியே போயின. பிரிட்ஜஸை நாடு கடத்த அரசு விடாமல் முயன்று, இரண்டு முறை உச்ச நீதிமன்றத்தில் தோற்றது. தொழிலாளிகள் அசையவில்லை. அவர் கட்சி உறுப்பினரா என்பது வாஷிங்டனின் கவலை. காலையில் தன் முறை ஒழுங்காக வருகிறதா என்பதுதான் சுமை தூக்குபவனின் கவலை. அமெரிக்கத் தொழிலாளிக்கு இடதுசாரித் தலைமை ஒட்டவே ஒட்டாது என்பவர்கள் இந்தச் சங்கத்தை மட்டும் ஏனோ தாண்டிப் போய்விடுகிறார்கள்.

இனி எனக்குக் கசக்கும் பகுதி. 1960இல் இதே பிரிட்ஜஸ் இயந்திரங்களை அனுமதிக்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். பதிலுக்கு முதலாளிகள் 2.9 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டார்கள். ‘ஏ’ பிரிவு எனப்பட்ட மூத்த தொழிலாளிகளுக்கு வேலை உறுதி, முன்கூட்டியே ஓய்வு. கன்டெய்னர் எப்படியும் வந்திருக்கும், ஆகவே பேரம் பேசியதில் தவறில்லை என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் புதிதாக வந்தவர்களை ‘பி’ பிரிவு என்று ஒதுக்கினார்கள். மூத்தவர்கள் எடுத்தது போக மிஞ்சிய வேலை. சங்கத்தில் ஓட்டு கிடையாது. 1963இல் அவர்களில் 82 பேரைச் சங்கமும் முதலாளிகளும் சேர்ந்தே பதிவேட்டிலிருந்து நீக்கினார்கள். வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுத்தது.

வலதுசாரிகள் பிரிட்ஜஸைத் திட்டினால் நான் அவர் பக்கம் நின்று சண்டை போடுவேன். அந்த 82 பேரில் ஒருவர் திட்டினால், வாயை மூடிக்கொண்டு கேட்பேன்.