பல்பு மாட்டாத மத்து

போன ஞாயிற்றுக்கிழமை சேலத்திலிருந்து திரும்பும்போது பைபாஸில் ஒரு ஓட்டலில் டிபனுக்கு நிறுத்தினோம். இப்போது வருகிற ஓட்டல்கள் எல்லாம் ஒரே அச்சுதான், பார்த்திருப்பீர்கள். வாசலில் மாட்டுவண்டிச் சக்கரம், உள்ளே பேருக்கு ஒரு திண்ணை, திண்ணையில் அம்மி, ஆட்டுக்கல், விளிம்பு உடைந்த உரல். இந்த ஓட்டலில் ஒரு படி மேலே போய், கல்லாவுக்கு மேல் ஐந்து மத்துகளை வரிசையாகத் தொங்கவிட்டு, பூ மாதிரி விரிந்த தலைக்குள் ஒவ்வொன்றிலும் ஒரு மஞ்சள் பல்பு மாட்டியிருந்தார்கள்.

என் மகள் அண்ணாந்து பார்த்து, "அப்பா, இந்த லைட் செமயா இருக்கு" என்றாள்.

"லைட் இல்ல சாமி, மத்து."

"அப்படீன்னா?"

நான் ஊத்துக்குளிக்காரன். ஈரோட்டிலோ கோயமுத்தூரிலோ ஊர்ப் பேரைச் சொன்னால் "ஓ, வெண்ணெய் ஊருங்களா" என்று கேட்காத ஆள் கிடையாது. அந்த ஊர்க்காரன் மகளுக்கு ஆறாம் வகுப்பு வரை மத்து என்றால் என்னவென்று தெரியாது. ஓட்டல்காரர் மேல் எரிச்சல் வந்தது, வாஸ்தவம். ஆனால் யோசித்துப் பார்த்தால் கோபப்பட எனக்கு யோக்கியதை இல்லை. 2006-ல் வீட்டை இடித்துக் கட்டும்போது, அட்டாலியில், அதாவது பரணில், கிடந்த அம்மிச்சியின் (அம்மாவைப் பெற்றவள்) மத்தைப் பழைய சாமான் எடுக்கிறவரிடம் போட்டவன் நான்தான். பித்தளைப் போசிகளை எடை போட்டுக் காசு கொடுத்தார். மத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இது அடுப்புக்குத்தானுங்க ஆகும்" என்று சும்மா எடுத்துப் போட்டுக்கொண்டார். நானும் சரி என்று விட்டுவிட்டேன். ஓட்டல்காரராவது பல்பு மாட்டி வைத்திருக்கிறார்.

அன்றிலிருந்து மண்டைக்குள் ஓடிக்கொண்டிருப்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். ஊத்துக்குளியில் வெண்ணெய்க்கு ஒரு அருங்காட்சியகம் வேண்டும்.

சிரிக்காதீர்கள். நெதர்லாந்தில் ஆல்க்மார் என்று ஒரு ஊர். ஒரு காலத்தில் தேவாலயமாக இருந்து, பிறகு சரக்கு எடை போடும் மண்டபமாக மாறிய கட்டடம் அங்கே இருக்கிறது. 1983-லிருந்து அதற்குள் சீஸ் அருங்காட்சியகம் நடக்கிறது. பண்ணைவீடுகளில் சீஸ் செய்த காலத்து மர அச்சுகள், பிழிபொறிகள் எல்லாம் மேலே. கீழே சந்தைத் திடலில், சீசனில் வெள்ளிக்கிழமை தோறும் வெள்ளை உடுப்பும் கலர் தொப்பியும் போட்ட சுமைக்காரர்கள், இரண்டு இரண்டு பேராக மரத் தூக்கில் சீஸை வைத்துத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். அந்தச் சுமைக்காரர் சங்கம் 1593-லிருந்து இருக்கிறது. அயர்லாந்தில் கார்க் நகரம் இன்னும் நமக்கு நெருக்கம், அங்கே வெண்ணெய்க்கே அருங்காட்சியகம். 1770 வாக்கில் வியாபாரிகள் குழு ஒன்று ஏற்படுத்தி, பீப்பாய்க்குள் நீளக் கம்பி விட்டு நடுவிலிருந்து வெண்ணெய் எடுத்து, முகர்ந்து, ருசி பார்த்துத் தரம் பிரித்துக் கப்பலேற்றினார்கள். 1924-ல் அந்தச் சந்தை மூடிவிட்டது. சந்தை போனாலும் கதை போகக்கூடாது என்று வைத்திருக்கிறார்கள். சதுப்பு நிலத்தில் புதைந்து கிடந்த ஆயிரம் வருஷத்து வெண்ணெய் கூட அங்கே ஒரு மரக்குடுவையில் இருக்கிறது.

சீஸ் நம் சரக்கு இல்லை. பால் திரிந்தால் நமக்கு அந்த நாளே சங்கடம். அவர்கள் வேண்டுமென்றே கன்றுக்குட்டி இரைப்பையின் உறைபொருளைப் போட்டுப் பாலைக் கட்டியாக்கி, தண்ணீரை வடித்து, அழுத்தி, குளிர்ந்த நிலவறையில் மாதக்கணக்கில் முதிர வைக்கிறார்கள். நம் வெயிலுக்கு அந்தப் பாச்சா பலிக்காது. நாம் உறை ஊற்றித் தயிராக்கி, சிலுப்பி வெண்ணெய் எடுத்து, உருக்கி நெய்யாக்கி ஜாடியில் ஊற்றி வைத்தோம். பாலைக் கெடாமல் வைப்பதற்கு அவர்களுக்கு ஒரு வழி, நமக்கு ஒரு வழி. அவர்கள் வழிக்கு மண்டபம் இருக்கிறது. நம் வழிக்கு ஓட்டல் கல்லா.

சரி, அருங்காட்சியகத்தில் எதை வைப்பது? மத்தையும் பானையையும் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, பக்கத்தில் ஒரு அட்டை எழுதி, வாசலில் ரிப்பன் வெட்டுவதென்றால் எனக்கு அதில் ஆர்வமே இல்லை. மத்து வெறும் கட்டை. விஷயம் அம்மிச்சியின் கையிலும் காதிலும் இருந்தது.

லீவுக்குத் தோட்டத்துக்குப் போனால் விடியற்காலையில் அந்தச் சத்தம்தான் எழுப்பும். சாளையில் ஒரு தூண், அதோடு சேர்த்து மத்தைப் பிடிக்கக் கயிற்று வளையம், கீழே மண் பானை. கடைகயிற்றை மத்தில் சுற்றி, வலக்கை இழுக்கும்போது இடக்கை விட்டுக்கொடுக்கும். முதலில் சளக், சளக் என்று தண்ணிச் சத்தம். நுரை கட்டினதும் சத்தம் அமுங்கிவிடும், பஞ்சுக்குள் அடிக்கிற மாதிரி. அந்த நேரத்தில் கயிறும் கனக்கும். அப்புறம் திடீரென்று மறுபடியும் சளக் என்று கேட்கும். அம்மிச்சி பானைக்குள் பார்க்கவே மாட்டாள். அந்த இரண்டாவது சளக்குக்குக் கயிற்றை நிறுத்தி, ஒரு சொம்புத் தண்ணியைச் சுற்றி ஊற்றுவாள். எட்டிப் பார்த்தால் ரவை ரவையாக வெண்ணெய் மிதக்கும். இன்னும் நாலு இழுப்பு, மெதுவாக. ரவை எல்லாம் ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு திரளும். அதோடு விட்டுவிட வேண்டும். மேலும் இழுத்தால் வெண்ணெய்க்குள் மோர் ஏறிக்கொண்டு நாலாம் நாள் புளித்த வாடை வரும்.

தண்ணியில்தான் சூட்சுமமே. சித்திரை வெயிலில் வெண்ணெய் இளகித் திரளாமல் வழுவழுவென்று நிற்கும், அப்போது ராத்திரி மண்குடத்தில் வைத்த தண்ணி. மார்கழியில் எவ்வளவு இழுத்தாலும் சேராது, அப்போது வெதுவெதுப்பான தண்ணி. எவ்வளவு சூடு என்று கேட்டால் "கை சொல்லுங் கண்ணு" என்பாள். கொழுப்பு ரொம்ப இளகினாலும் ஒட்டாது, ரொம்ப இறுகினாலும் ஒட்டாது, நடுவில் ஒரு பதம் வேண்டும் என்று டெய்ரி படித்தவர்கள் தெர்மாமீட்டர் வைத்துச் சொல்வது அதைத்தான்.

இன்னொன்று, இதைச் சொல்லாமல் விட மனசில்லை. எங்கள் எருமைகளுக்குப் பருத்திக்கொட்டை உண்டு. ஊறவைத்து ஆட்டுக்கல்லில் ஆட்டி, புண்ணாக்கோடு கலந்து தாழியில் ஊற்றுவார்கள். பருத்திக்கொட்டை தின்கிற மாட்டின் வெண்ணெய் கெட்டியாக இருக்கும், சட்டென்று இளகாது. எருமைப் பாலில் கொழுப்பு ஏழு சதவீதத்தை ஒட்டி, பசும்பாலைப் போல கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. நிறமும் பளிச்சென்று வெள்ளை. காங்கேயம் மாடு உழவுக்கும் வண்டிக்கும் ராஜா, ஆனால் பால் கம்மி. வெண்ணெய்க்கு எருமைதான். பருத்தியில் பஞ்சு திருப்பூருக்குப் போனது, கொட்டை கட்டுத்தரைக்கு வந்தது. அதே பஞ்சுதான் கடைசியில் இந்த வெண்ணெயைக் கொண்டுபோனது என்பது வேறு கதை. பனியன் கம்பெனி வேன் காலையில் ஊருக்குள் வர ஆரம்பித்ததும் கயிறு இழுக்கிற கைகள் தையல் மெஷினுக்குப் போய்விட்டன. அதைத் தப்பு என்று சொல்ல நான் யார், நானே அந்தச் சம்பளத்தில் படித்தவன்.

நெய் உருக்குவதைப் பற்றி எழுதினால் இந்தப் பதிவு முடியாது. ஒன்று மட்டும். வெண்ணெய் அடுப்பில் இருக்கும்போது சடசடவென்று பேசும், உள்ளே இருக்கிற தண்ணி போகிற சத்தம் அது. சத்தம் அடங்கியதும் ஒரு கொத்து முருங்கைக்கீரை, அது மொறுமொறுத்ததும் இறக்கிவிட வேண்டும். அடியில் தங்கும் கசண்டில் சுடுசோறு போட்டுப் பிசைந்து தருவார்கள், எங்களுக்குள் அதற்கு அடிதடியே நடக்கும். நெய் மெதுவாக ஆறினால் மணல் மணலாக உறையும். கோவையில் ஒரு கடையில் 'அசல் ஊத்துக்குளி வெண்ணெய்' என்று போர்டு பார்த்து அரைக்கிலோ வாங்கி உருக்கினேன். கீரை போட்டும் வாசம் இல்லை, ஆறினதும் மெழுகு மாதிரி மழமழவென்று உறைந்து நின்றது. எங்கள் ஊர்ப் பேரைக் கேட்டால் எனக்கே சந்தேகம் வருகிற நிலைமை.

உடனே "புவிசார் குறியீடு வாங்கினால் போச்சு" என்பீர்கள். வாங்கட்டும், நல்லதுதான். ஈரோடு மஞ்சளுக்கும் பழனி பஞ்சாமிர்தத்துக்கும் 2019-ல் கிடைத்தது. ஆனால் குறியீடு பேரைத்தான் காப்பாற்றும். இரண்டாவது சளக்கை அது காப்பாற்றாது.

இப்போது ஒரு நண்பரிடம் இதைச் சொன்னபோது, "உனக்கென்னப்பா, பொம்பளைங்க தோள் வலியோட இழுத்ததை மியூசியம் கட்டிக் கும்பிடறே" என்றார். சரியான அடி. அம்மிச்சிக்கு வலது தோள் கடைசி வரைக்கும் தூக்க வராது. அதையும் அங்கே எழுதித்தான் ஆகவேண்டும். கூடவே இன்னொன்றையும் எழுத வேண்டும். வெண்ணெய்க்காரர் வாரம் ஒரு நாள் சைக்கிளில் வந்து எடை போட்டு எடுத்துக்கொண்டு போவார். அம்மிச்சி கடைசி வரை வீசைக் கணக்கில்தான் பேசுவாள், நாற்பது பலம் ஒரு வீசை. அந்தக் காசு அவள் முந்தானை முடிச்சுக்கும், அங்கிருந்து அரிசிப் பானைக்கும் போகும். அப்புச்சி, அவள் வீட்டுக்காரர், அதைக் கேட்கமாட்டார். அவளுடைய சிறுவாடு அது. என் அம்மாவின் கம்மல் அதில் வந்தது, சின்ன மாமாவின் காலேஜ் பீஸ் அதில் கட்டியது.

பிறகு ஊருக்குள் பால் சொசைட்டி வந்தது. காலையிலும் சாயங்காலமும் பாலை அப்படியே கேனில் ஊற்றிவிட்டு வந்தால் போதும். கொழுப்பு பார்த்துக் காசு, இழுப்பு இல்லை, தோள் வலி இல்லை. யார்தான் வேண்டாம் என்பார்கள்? சொசைட்டியால் கரையேறிய குடும்பங்கள் ஊரில் நிறைய, நான் அதைக் குறை சொல்லவில்லை. எங்கள் வீட்டில் ஒரே ஒரு மாற்றம்: சொசைட்டிப் பாஸ்புக் அப்புச்சி பேரில் இருந்தது. எருமை போய் ஜெர்சிக் கலப்பு வந்தது. அரிசிப் பானையில் காசு இருப்பது நின்றது. அம்மிச்சி வெற்றிலைக்குக்கூட "ஏனுங், ஒரு அஞ்சு ரூவா குடுங்" என்று அப்புச்சியிடம் கேட்டதை நான் பார்த்திருக்கிறேன். இந்தப் பாஸ்புக்கையும் அந்த அரிசிப் பானையையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிற அருங்காட்சியகம்தான் எனக்கு வேண்டும்.

கட்டடத்துக்குப் பெரிய செலவு வேண்டியதில்லை. கொங்கு நாட்டில் அருங்காட்சியகத்துக்குப் பஞ்சமும் இல்லை. கோவையில் காட்டு மரங்களுக்கு இருக்கிறது, பழைய கார்களுக்கு இருக்கிறது. கொடுமணலில் தோண்டி எடுத்த பானை ஓட்டில் இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தைய ஆள் பேரைப் படிக்கிறோம். நேற்றுவரை இருந்த தயிர்ப் பானைக்கு இடமில்லை என்றால் நம்பமுடியவில்லை. கதித்தமலை அடிவாரத்தில் ஒரு பழைய தொட்டிக்கட்டு வீடு போதும். பின்னால் கட்டுத்தரையில் நாலு எருமை உயிரோடு நிற்க வேண்டும், சாணி வாடை வரத்தான் செய்யும். திறக்கும் நேரம் காலை பத்து மணி அல்ல, விடியற்காலை. வருகிறவர்கள் கயிற்றைப் பிடித்து இழுக்க வேண்டும், கை காய்க்க வேண்டும், பத்து நிமிஷத்தில் "போதும்" என்று சொல்லவேண்டும். சொல்லிக் கொடுக்கிற பாட்டிகளுக்குச் சம்பளம் வேண்டும், அதுவும் அவர்கள் பேரிலேயே உள்ள கணக்கில். முக்கியமாக, ஆளுக்கொரு போனை வைத்திருக்கிறோமே, அந்தச் சத்தத்தை முதலில் பதிவு செய்ய வேண்டும். கட்டடம் பத்து வருஷம் கழித்துக்கூட வரட்டும். கேட்டுச் சொல்ல ஆள் அதுவரை இருப்பார்களா என்பதுதான் கவலை.

எழுதிக்கொண்டே இருந்தால் ஆகாது என்று நேற்று ராத்திரி தோட்டத்துக்குப் போன் போட்டேன். அத்தைக்கு எழுபது தாண்டிவிட்டது. அம்மிச்சியிடம் கயிறு பிடிக்கக் கற்றுக்கொண்ட ஒரே மருமகள். இன்னமும் ஒரு எருமை வைத்திருக்கிறாள், வீட்டுக்கு மட்டும்.

"அத்தை, வர்ற ஞாயித்துக்கெழம வரட்டுங்களா? தயிர் சிலுப்பறத வீடியோ எடுக்கோணுமுங்."

சிரித்தாள். "நான் நாலு மணிக்குச் சிலுப்ப ஒக்காந்துருவன். நீ எந்திரிச்சு வந்துருவியாக்கும்? பாப்பாளையுங் கூட்டியா சாமி. கயித்தப் புடிச்சுப் பாக்கட்டும்."

"சரிங் அத்தை."

"இங்க இருக்கறது சின்ன மத்து, ஒரு எருமைக்கு ஆகும். உங்கம்மிச்சியோட பெரிய மத்து உங்கம்மாதான கொண்டுக்கிட்டு வந்தா? அட்டாலில கெடக்கும் பாரு. வரும்போது அதையும் எடுத்துக்கிட்டு வா."

"சரிங்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் நாலு நாள் இருக்கிறது. ஊத்துக்குளி, சென்னிமலை, குன்னத்தூர் பக்கம் யார் வீட்டு அட்டாலியிலாவது பெரிய மத்து ஒன்று கிடந்தால் சொல்லுங்கள். பல்பு மாட்டாததாக இருந்தால் தேவலை.